சட்டத்துக்குள் நிற்காத ஹபீப்

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த காலையில் ஹபீபின் மனைவி ஷமீமாவிடமிருந்து போன் வந்தது. கலவை இயந்திரத்தின் இரைச்சலில் அவள் சொன்னது முதலில் கேட்கவில்லை. சாரத்திலிருந்து இறங்கி, செங்கல் அடுக்குக்குப் பின்னால் போய் நின்று, "மறுபடி சொல்லு ஷமீமா" என்றேன்.

"போயிட்டாருங்கக்கா. காலைல டீ கேட்டாரு. ஆத்திக் கொண்டாந்து பாக்கறேன், சாஞ்ச மேனிக்கே இருக்காரு."

பிறகு அவளே, "சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எடுத்துருவாங்க. சீக்கிரமா வாங்கக்கா" என்றாள்.

கான்கிரீட் போடத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. மேஸ்திரியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தேன். "ஏனுங்கம்மா, ஆருக்கு என்னாச்சுங்க?" என்றார் அவர். "என்ற சிநேகிதருங்க" என்று மட்டும் சொன்னேன். வழியெல்லாம் முட்டை லாரிகள். அவற்றை வேகமாக ஓட்டவும் மாட்டார்கள், ஓரம் ஒதுங்கவும் மாட்டார்கள். ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே நாமக்கல் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டில் முகத்தைக் காட்டினார்கள். எனக்கு அது ஹபீபின் முகமாகவே படவில்லை. அசையாமல் இருக்கும் ஹபீபை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் உடல் இருந்த ஜனாஸாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வேகமாக நடந்தார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம். தெருமுனையில் அவர்கள் திரும்பி மறைந்தார்கள். அந்த வேகம் ஒன்றுதான் அன்று அவருக்குப் பொருத்தமாக இருந்தது.

ஓவியர் ஹபீபுல்லாவைப் பற்றி எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். பலமுறை தொடங்கி அழித்துவிட்டேன். எழுதியதை உடனே அழிக்கும் இந்தப் பழக்கமே அவருடையதுதான் என்று அவரை அறிந்தவர்கள் சிரிப்பீர்கள். அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்ற ஒருவரின் மகன் அவர். வாழ்நாள் முழுக்க வட்டமும் சதுரமும் நேர்கோடுமாகவே வரைந்தவர். மனிதர், மரம், மாடு எதையும் அவர் வரைந்து நான் பார்த்ததில்லை. நான் கோகிலா. சேலத்தில் கட்டட வரைபடம் போடுவது என் தொழில்.

நாங்கள் பழகத் தொடங்கியது சென்னையில். அவர் ஓவியம் படித்தார், நான் கட்டடக் கலை. அவருடைய கல்லூரியில் மாணவர் கண்காட்சி. திறப்பு விழாவுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே ஒல்லியான ஓர் ஆள் மாட்டி வைத்த படத்தைச் சிறிய கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். யாரோ வேறொருவர் படத்தை நாசம் செய்கிறார் என்று நினைத்து, "ஏங்க, என்ன பண்றீங்க? தொறக்கப் போறாங்க" என்று அதட்டினேன்.

"அதுக்குத்தானுங்க சொரண்டறேன். தொறந்துட்டா அப்புறம் சொரண்ட உட மாட்டாங்க" என்றார் திரும்பாமலேயே.

அந்தப் பேச்சு என் காதுக்குப் பழகிய பேச்சு. "நீங்க எந்தப் பக்கமுங்க?" என்றேன். அப்போதுதான் திரும்பினார். "நாமக்கல்லுங்க. நீங்க?" "திருச்செங்கோடு." "அப்ப வாங்க, இந்த ஓரத்தைப் புடிங்க" என்று படத்தின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டார். விழா தொடங்கியபோது என் கைகளில் நீலச் சாயம்.

அதற்குப் பிறகு விடுமுறைகளில் ஒரே பேருந்தில் ஊருக்கு வருவது வழக்கமாயிற்று. ஒருமுறை பகல் பேருந்து ஆத்தூரில் தேநீருக்காக நின்றது. நடத்துநர் விசில் ஊதிவிட்டார், ஹபீபைக் காணவில்லை. இறங்கித் தேடினேன். பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டு ஜன்னல் முன்னால் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டம்மா கையில் துடைப்பத்தோடு வெளியே வந்துவிட்டார்.

"யாருப்பா நீ? ஜன்னல்ல என்னா பாக்கற?"

"கம்பியப் பாக்கறனுங்க."

"கம்பில பாக்கறதுக்கு என்னா இருக்குது?"

"வந்து பாருங்களேன்" என்று அந்த அம்மாவையே கூப்பிட்டார் ஹபீப். இரும்புக் கம்பியை வளைத்து எட்டு முனை நட்சத்திரங்களாக ஒட்டியிருந்தார்கள். நம் ஊர்களில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் அந்த ஜன்னலின் ஒரு மூலையில் இடம் போதாமல் நட்சத்திரத்தை வெட்டி, அரை நட்சத்திரமாகச் சட்டத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். "இது எங்க ஊட்டுக்காரரு அளவு தப்பாக் குடுத்துட்டதால வந்தது" என்றார் அந்த அம்மா, கொஞ்சம் வெட்கத்தோடு. "தப்பு இல்லீங்க. மீதி நட்சத்திரம் செவுத்துக்குள்ள இருக்குது. நம்ம கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்" என்றார் ஹபீப். பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்தில் நின்றபடியே சேலம் வந்தோம். வழி முழுக்க அவர் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்: வடிவம் சட்டத்தோடு முடிய வேண்டுமா, சட்டத்தைத் தாண்டிப் போக வேண்டுமா?

படிப்பு முடிந்து உதவித்தொகையில் ஜெர்மனிக்குப் போனார். அங்கேதான் ஐரோப்பியர்களின் அருவ ஓவியத்தை நேரில் பார்த்தார். உருவங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, ஒரு செவ்வகம், ஒரு சாய்ந்த கோடு, ஒரு சிவப்பு என்று மட்டும் வைத்துக்கொண்ட படங்கள். எதை எங்கே வைத்தால் மற்றது ஆடாமல் நிற்கும் என்பதுதான் அவற்றின் கணக்கு. எல்லாமே சட்டத்துக்குள் முடிந்துவிடும். அதே ஊரின் அருங்காட்சியகத்தில் பழைய பள்ளிவாசல்களின் ஓடுகளையும் பார்த்தார். அவற்றில் ஒரு வட்டத்தைச் சமமாகப் பிரித்து, அதிலிருந்து நட்சத்திரம், நட்சத்திரத்திலிருந்து இன்னொரு நட்சத்திரம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஓட்டின் ஓரம் வரும்போது வடிவம் முடிவதில்லை, ஓடு மட்டும்தான் முடிகிறது. இஸ்லாமியக் கலையை அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோனதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் கேட்டால் கோபப்படுவார். "எங்க தெருப் பள்ளிவாசல்ல நான் பாத்த ஒரே டிசைன் ஃபேன் றெக்கைதான்" என்பார்.

அங்கிருந்த பேராசிரியர் ஒருவர், இந்த மரபு உன் ரத்தத்தில் ஓடுகிறது என்று பாராட்டினாராம். ஹபீப் எனக்குப் போன் செய்து கத்தினார். "ரத்தத்துல சர்க்கரைதான் வரும் கோகிலா, எங்க அத்தாகிட்ட இருந்து. காம்பஸ் கையிலதான் வரும். பழகினாத்தான் வரும்." தகப்பனாரின் அந்தச் சர்க்கரை பிற்காலத்தில் சொன்னபடியே வந்தது.

தகப்பனார் இறந்ததும் திரும்பிவிட்டார். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். சுற்றிலும் சம்மட்டிச் சத்தம், வெல்டிங் பொறி. அங்கே உட்கார்ந்து, உட்கார்ந்து என்பதுகூடப் பிழை, நடந்து நடந்து வரைந்தார். ஒரு கோடு போடுவார், கொட்டகையின் கடைசிவரை போய்த் திரும்பிப் பார்ப்பார், மறுபடி வந்து அழிப்பார். பள்ளிவாசல் ஓட்டின் நட்சத்திரங்களை ஒரு பக்கமிருந்து ஒழுங்காக வரவிடுவார். நடுவில் ஓர் இடத்தில் ஐரோப்பியரின் பெரிய வெற்றுச் செவ்வகம் ஒன்று வந்து இடிக்கும். அந்த இடியில் நட்சத்திரங்கள் பெயர்ந்து சாயும், விலகும், சில உடையும். இரண்டையும் இனிமையாகக் கலந்தவர் என்று எழுதுபவர்கள் அந்த இடியைப் பார்க்கவில்லை.

அவரைத் திருமணம் செய்து வந்த புதிதில் ஷமீமா என்னிடம் சொன்னாள்: "சோத்துத் தட்டுல ஒரு பருக்கை தள்ளிக் கெடந்தா அதை நவுத்தீட்டுத்தான் சாப்புடறாருங்கக்கா. எங்க வைக்கறதுன்னு யோசிக்கறதுக்குள்ள சோறு ஆறிப் போவுது."

விற்பனை சுமார்தான். வெளிநாட்டில் அவரைக் கிழக்கிலிருந்து வந்தவர் என்றார்கள், இங்கே ஜெர்மன் பாய் என்றார்கள். "அங்க கேட்டா இங்கிட்டுங்கறாங்க, இங்க கேட்டா அங்கிட்டுங்கறாங்க. நடுவுல பஸ்லயே இருந்தர்லாமாட்ட இருக்குது" என்று ஒரு நாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை, மேசைமேல் கிடந்த ஸ்கேலை வைத்து எடுத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தது.

பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவர். நாமக்கல்லைச் சுற்றியுள்ள விடுதிப் பள்ளிகளில் ஒன்று. பெயர் வேண்டாம். அதன் புதிய அரங்கத்தை நான் வடிவமைத்தேன். முகப்புச் சுவருக்கு ஹபீபைச் சொன்னேன், தாளாளர் ஒத்துக்கொண்டார். லாரி கூண்டுக்கு அடிக்கும் அலுமினியத் தகடுகளில் வரைந்து, அவற்றைச் சுவரில் பக்கம் பக்கமாகப் பொருத்தினார். ஒரு வருடத்து வேலை. இடது ஓரத்திலிருந்து நட்சத்திரங்கள் நெருக்கமாகக் கிளம்பி, நடுவில் ஒரு முழு நட்சத்திரத்தை அடைந்து, அதன்பின் ஒவ்வொன்றாகக் கட்டு அவிழ்ந்து, வலது மூலையில் பெரிய மஞ்சள் சதுரங்களாகச் சிதறிப் போகும். சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துச் சண்டை போட்டதை நான் பார்த்தேன். இடமிருந்து போகிறதா, வலமிருந்து வருகிறதா என்பதுதான் சண்டை.

திறப்பு விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் யாரோ அதைப் படமெடுத்து, பள்ளிக்கூடத்தில் மசூதி டிசைன் என்று எழுதி வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள். பெற்றோர் சிலர் போன் செய்தார்கள். தாளாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அன்று அவர் முகத்தில் தூக்கமே இல்லை.

"எனக்கு இதுல ஒண்ணும் தப்பாத் தெரியலீங்க ஹபீபு. ஆனா நாலு பேரு கேக்கறாங்க. நான் ஒண்ணு சொல்றேன், நீங்க மேடைல ஒரே ஒரு வார்த்தை சொல்லீருங்க. இது நம்ம கோலத்தைப் பாத்து வரைஞ்சதுன்னு. பாத்தா கோலமாட்டத்தானே இருக்குது? முடிஞ்சுது பிரச்சினை."

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஹபீப் விடவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"கோலம் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. பக்கத்து ஊட்டு வாசல்ல பாத்து வளந்தவன்தான். ஆனா இது கோலம் இல்லீங்க. இது எங்கிருந்து வந்துச்சோ அங்கிருந்துதான் வந்துச்சு. பாதி ஓடு, பாதி ஜெர்மனி."

"ஒரு வார்த்தைதானுங்களே."

"வேற பேரு சொல்லி உள்ள வந்தா, கடைசி மட்டும் அந்தப் பேருலயேதான் இருக்கோணுமுங்க."

நான் கீழே வந்ததும் அவரோடு சண்டை போட்டேன். "ஒரு சொல்லுக்காக ஒரு வருஷத்து வேலையைக் கெடுத்துக்குவியா?" என்றேன். "நீ கட்டின அரங்கத்தைக் கோழிப்பண்ணைன்னு சொன்னாத்தான் நிக்கும்னா, சொல்லுவியா?" என்று கேட்டார். சொல்ல மாட்டேன்தான். ஆனாலும் அன்று அவர் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை. அந்தப் படம் அங்கேயே இருந்திருந்தால், எத்தனையோ பிள்ளைகள் அதன் முன்னால் நின்று சண்டை போட்டிருப்பார்கள். சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று சில நாள் தோன்றும். சில நாள் அந்த நினைப்பே கூசும்.

மறுநாள் அவரே வந்து தகடுகளைக் கழற்றினார். யாரையும் தொட விடவில்லை. வெயிலில் ஏணியில் ஏறி இறங்கி, ஒவ்வொன்றையும் தார்ப்பாயில் சுற்றி வேனில் ஏற்றினார். தாளாளர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கிட்டே வந்து, "மன்னிச்சுக்கோங்க" என்றார். "உடுங்க, நீங்களும் ஊரோட இருக்கோணுமில்ல" என்றார் ஹபீப். வேனில் ஏறியதும் நாமக்கல் வரை ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தார்.

தகடுகளைச் சும்மா வைத்திருக்க அவரால் முடியவில்லை. விரிவாக்கிக் கட்டிக்கொண்டிருந்த பள்ளிவாசலுக்குக் கேட்டுப் போனார். முத்தவல்லி, அதாவது பள்ளிவாசலை நிர்வகிப்பவர், காதர் பாய் என்ற பெரியவர். அவரே கொட்டகைக்கு வந்து எல்லாத் தகடுகளையும் தரையில் பரப்பச் சொல்லிச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தார். நானும் இருந்தேன்.

"நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா பள்ளிவாசலுக்கு ஆவாது."

"ஏனுங்க பாய்? உருவம் ஒண்ணும் இல்லியே?"

"உருவம் இல்ல. ஆனா இது ஆளை உட மாட்டேங்குதே. நானே பாரு, எத்தனை நேரமாச் சுத்தறேன். தொழுவ நிக்கறவன் கண்ணு இதும் பின்னால போயிருச்சுன்னா தொழுவறது எப்புடி?"

அன்று மாலை ஹபீப் இப்படியும் அப்படியும் நடந்தார். கோபமா, வருத்தமா என்று தெரியவில்லை. திடீரென்று சிரித்தார். "கோகிலா, என்ற படத்தை ஒழுங்காப் பாத்த மொத ஆளு வேண்டாம்னு சொல்லீட்டுப் போயிட்டாரு" என்றார். தகடுகளை மறுபடி தார்ப்பாயில் சுற்றிச் சுவரோரம் நிறுத்தினார். ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தன. அவர் வேறு படங்கள் வரைந்தார். டெல்லியில் ஒரு கண்காட்சி, ஷார்ஜாவில் ஒன்று. பெயரும் கொஞ்சம் வந்தது. அந்தச் சுவரைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. வாரந்தோறும் டயாலிசிஸ் என்றார்கள். ஓர் இடத்தில் நில்லாத மனிதரை மணிக்கணக்கில் கட்டிலில் படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி, அசையாதே என்றால் எப்படி இருக்கும்? முதல் மாதம் செவிலியர்களைப் பாடாய்ப் படுத்தினார். ஷமீமா போன் செய்வாள்: "கையை ஆட்டி ஆட்டி மிஷின் கத்துதுங்கக்கா. நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

போனேன். நீண்ட கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள். எல்லோரும் மல்லாந்து படுத்திருந்தார்கள். "மேல பாரு" என்றார் ஹபீப். பார்த்தேன். வெள்ளைக் கூரை, ஒரு குழல்விளக்கு. "இத்தனை பேரு இதைத்தான் பாத்துட்டுக் கெடக்கறோம். இதுக்கு மேல ஒரு கொடுமை இருக்குதா?"

அங்கேயே, ஊசி குத்திய கையோடு, யோசனையைச் சொன்னார். சுவருக்குச் செய்த தகடுகளைக் கூரையில் ஏற்ற வேண்டும். டயாலிசிஸ் மையத்தின் மருத்துவர் இளைஞர், முதலில் தயங்கினார். விழுந்துவிட்டால்? அந்தப் பயத்தைத் தீர்ப்பது என் வேலையாயிற்று. தகடுகள் எடை குறைந்தவை. கூரைக் கான்கிரீட்டிலிருந்தே கம்பி இறக்கிப் பிடிப்பு கொடுத்தேன். ஆனால் கூடம் பள்ளிச் சுவரைவிடக் குறுகல், நீளமும் வேறு. வடிவம் கூரையில் அடங்கவில்லை. நான் ஓரத் தகடுகளை விட்டுவிடலாம் என்றேன். அவர் விடவில்லை. கூரையின் ஓரம் வந்ததும் தகடுகளை மடக்கிச் சுவரில் இறக்கினார். ஒரு நட்சத்திரம் பாதி கூரையிலும் பாதி சுவரிலுமாக நின்றது. உடல் தளர்ந்துவிட்டது, ஏணியில் ஏற முடியாது. கீழே நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் ஒரு நூல் இடது பக்கம்" என்று ஆட்களை விரட்டினார்.

அடுத்த கட்டிலுக்குத் திருச்செங்கோட்டிலிருந்து சின்னுசாமி வருவார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியோடு வடநாடெல்லாம் சுற்றியவர். கூரையில் தகடுகள் ஏறியபின் ஒரு நாள் நான் போனபோது அவர் மேலே பார்த்தபடியே ஹபீபிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அந்தக் கதவோரத்து ஸ்டார்ல ஆரம்பிச்சு ஒரு கோட்டைப் புடிச்சுப் போறனுங்க. நடுவுல வந்துதுன்னா கோடு நின்னுக்குது. மறுக்கா வேற கோட்டைப் புடிக்கறனுங்க. அதுவும் நடுவுல வந்து நின்னுக்குது. அங்கயே தூக்கமும் வந்துருதுங்க. நல்லா இருக்குதுங்க."

அவர் பாராட்டித்தான் சொன்னார். ஹபீபின் முகம் மாறிவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு அந்த நடுத்தகடே கவலையாயிற்று. கோணல் எதுவுமில்லாத, முழுமையான அந்த நட்சத்திரம். பள்ளிச் சுவருக்கு முன்னால் நின்று பார்த்தபோது அது பொருந்தியிருந்தது. படுத்துப் பார்த்தால் எல்லோருடைய கண்ணும் அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்றார். முதலில் மஞ்சளில்தான் தப்பு என்று நினைத்து, சிகிச்சை முடிந்த கையோடு ஆட்களை ஏற்றி, வலது மூலைச் சதுரங்களின் மஞ்சளை ஆரஞ்சாக்கினார். சாய வாடை போகும்வரை செவிலியர்கள் அவரோடு பேசவில்லை. ஆரஞ்சும் உதவவில்லை.

கடைசியாக நான் அவரை வீட்டில் பார்த்தேன். கால்கள் வீங்கியிருந்தன. தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்ததைக் காதில் வாங்கவில்லை.

"அந்த நடுத்துண்டைக் கழட்டீரு கோகிலா."

"கழட்டீட்டு அங்க என்ன வைக்கறது?"

"ஒண்ணும் வைக்காத. வெறும் கூரை தெரியட்டும்."

"பாவம், அந்த மனுசங்க அதைப் பாத்துத்தான் தூங்கறாங்க. உனக்கென்ன அதுல?"

"தூங்க வைக்கறதுக்கா நான் வரைஞ்சேன்? உசுரோட இருக்கறவன் கண்ணு நடந்துட்டே இருக்கோணும். உக்காந்துட்டா அப்புறம் எதுக்குக் கண்ணு?"

"கழட்ட மாட்டேன்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷமீமா சேமியாப் பாயசம் கொண்டுவந்து வைத்தாள், எனக்கு மட்டும். கிளம்பும்போது, "நாளைக்கு வாரேன்" என்றேன். "கழட்டறதா இருந்தா வா" என்றார். அந்த 'நாளைக்கு' எருமப்பட்டி வேலையில் தள்ளித் தள்ளிப் போயிற்று. அதற்குள் ஷமீமாவின் போன் வந்துவிட்டது.

அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து, மையத்தில் அவர் பெயரைப் பலகையில் எழுதிக் கூடத்தில் மாட்டலாமா என்று மருத்துவர் கேட்டார். அப்போதுதான் ஷமீமாவிடம் அந்தச் சண்டையைச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. "என்கிட்டயும் சொன்னாரு. கழட்டீர்லாங்கக்கா. சொன்னதைச் செய்யாம எப்படி?" என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. படுத்திருப்பவர்களிடம் கேட்காமல் செய்யக் கூடாது என்றேன். இருவருமாகப் போனோம்.

கூடத்தில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஹபீபின் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். சின்னுசாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"அது ஒண்ணுதானுங்கக்கா நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

"அப்ப வேண்டாம்" என்றேன் உடனே.

ஷமீமா கட்டிலின் காலடியில் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னுசாமி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"பாய் சொன்னாருங்களா, கழட்டச் சொல்லி?"

"ஆமாங்க."

"எதுக்காமாங்க?"

ஷமீமாதான் சொன்னாள்: "எல்லாரும் அதுலயே நின்னுக்கறாங்களாங்க. போய்ட்டே இருக்கோணுமாங்க."

சின்னுசாமி நெடுநேரம் மேலே பார்த்தார். "போய்ட்டேதானுங்க இருந்தேன் நானும், படுக்கறவரைக்கும்" என்றார். பிறகு ஊசியில்லாத கையை அசைத்து, "கழட்டுங்க. எப்புடி இருக்குதுன்னு பாப்பம்" என்றார்.

அன்று சிகிச்சைகள் முடிந்து கூடம் காலியான பிறகு நடுத்தகட்டை இறக்கினோம். கூரையில் வெள்ளையாக ஒரு சதுரம் திறந்துகொண்டது. கீழிருந்து பார்த்தேன். சுற்றிலும் இருந்த நட்சத்திரங்கள் எல்லாம் எங்கேயோ கிளம்பத் தயாராக நிற்பதுபோல் இருந்தது. நன்றாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஷமீமா காலியான கட்டில் ஒன்றில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள். எழுந்ததும், "இப்பச் சரியா இருக்குங்கக்கா" என்றாள்.

பிறகு ஒரு நாள் சின்னுசாமியைப் போனில் கேட்டேன். "தூக்கமே வர்றதில்லீங்க" என்று குறைபட்டார். கோபமாகத்தான் சொன்னார். அடுத்த கட்டிலில் இருப்பவரோடு இப்போது ஒரு சண்டையாம். அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று அவர் கேட்கிறாராம், இவர் வாயால் சொல்லிக் காட்டினால் அப்படி இருக்காது என்கிறாராம். "நீங்களே சொல்லுங்க, எட்டு முனை தானுங்களே?" என்றார். ஆமாம் என்றேன். சொல்லிவிட்டு, ஹபீபாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்று பட்டது.

அந்தத் தகடு என்னிடம் இருக்கிறது. ஷமீமா அதை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. சேலத்தில் என் அலுவலகத்தில் முதலில் மேசைக்கு எதிரே மாட்டினேன். வேலையே ஓடவில்லை. கதவுக்குப் பக்கத்தில் சாய்த்தேன். வந்தவர்கள் தரை ஓட்டின் மாதிரி என்று நினைத்து விலை கேட்டார்கள். ஜன்னலோரம் வைத்தேன், மாலை வெயில் பட்டுக் கூசியது. மாடிப்படியில் வைத்தேன், இருட்டாக இருந்தது. எங்கே வைத்தாலும் நாலடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்க்கிறேன். சரியில்லை என்று தெரிகிறது. எங்கே சரியாக இருக்கும் என்று தெரியவில்லை. நேற்றும் இடம் மாற்றினேன்.